ஒப்புதல் படிவத்தோடு ஊர் ஊராக

பேட்டி எடுத்துக் கல்வி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பேச ஆள் கிடைப்பது சுலபம். அந்த ஆள் மனதாரச் சம்மதித்தாரா என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். பள்ளியை விட்டு நின்றுவிடும் பெண்களைப் பற்றிய ஆய்வுக்காகச் சேலம், நாமக்கல் பக்கம் இரண்டு வருடம் அலைந்தேன். இதே பாடு பட்டவர்கள் இதைப் படித்தால், நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கையெழுத்து

மோகனூரில் ஒரு கரும்பு விவசாயி, மகளைப் பத்தாவதோடு நிறுத்தியவர். ஒப்புதல் படிவத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தார். முன்பு அண்ணன் நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, கிணற்றில் இருந்த பாத்தியதையை இழந்தவராம்.

ஆனால் மகளை நிறுத்தியதைப் பற்றித் தாமாகவே ஒன்றரை மணி நேரம் பேசினார். நடுவில் கண் கலங்கினார். கையெழுத்து இல்லாமல் அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் எழுத முடியாது. கிளம்பும்போது சொன்னார்: "உங்களை நம்பிப் பேசலாமுங்க அம்மிணி. அந்தக் காயிதத்தை நம்பத்தான் யோசனையா இருக்குதுங்க."

தலைமையாசிரியை அறை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு பள்ளி. அடிக்கடி லீவு போடும் ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் பேச வேண்டும். அவள் அப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். தலைமையாசிரியை தம் அறையையே கொடுத்து, "நல்லாப் பேசணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்னு சொல்லலாம்மா" என்றேன். அவள் கதவைப் பார்த்தாள். "வேண்டாம்னா, அதை எச்.எம்.கிட்ட நீங்க சொல்வீங்களா, நான் சொல்லணுமா மிஸ்?" என்றாள்.

ஒலிப்பதிவுக் கருவியைப் பையில் வைத்துவிட்டேன். அரை மணி நேரம் அவள் வீட்டு ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசினோம். வெளியே வந்து "முடிந்தது" என்று பொய் சொன்னேன். தலைமையாசிரியைக்குச் சந்தோஷம். "எங்க பிள்ளைங்க எதையும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க மேடம்."

அழித்தது

திருச்செங்கோடு பக்கம் தறிப்பட்டறையில் வேலை பார்த்தாள் ஒரு பெண். கவிதா என்று வைத்துக்கொள்வோம். வயது பதினேழு என்பதால் அவளோடு அம்மாவும் கையெழுத்துப் போட்டார். கூடப் படித்தவனோடு பஸ்ஸில் பேசியதற்காக அப்பா புத்தகப் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டதை அவள் முதன்முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

நாலு மாதம் கழித்து அம்மா போன் செய்தார். "புள்ளைக்கு மாப்பிள்ளை பேசியிருக்குதுங்க. அவ பேசினதையெல்லாம் அழிச்சுப் போடுங்க சாமி." ஆய்விலிருந்து விலகுகிறவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது என்பது விதி. என் பேராசிரியரும் அழிக்கத்தான் சொன்னார். குரல், எழுத்துப்படி, நகல் எல்லாவற்றையும் அன்றே அழித்தேன். சரியாக நடந்துகொண்டதாக ஒரு நிம்மதி.

அடுத்த மாதம் கவிதாவே கூப்பிட்டாள். பதினெட்டு முடிந்துவிட்டதாம். கல்யாணம் இப்போது வேண்டாம், பிளஸ் டூ எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொல்லப் போகிறாளாம். அன்று பேசியதை ஒருமுறை கேட்டால் தைரியம் வரும், அனுப்பி வைப்பீர்களா என்றாள். அழித்துவிட்டதைச் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னாள்: "நான் அழிக்கச் சொல்லவே இல்லீங்களேக்கா."

எங்கள் படிவத்தின் கடைசி வரி ‘எல்லாம் எனக்கு விளக்கப்பட்டது, முழுமையாகப் புரிந்துகொண்டேன்’ என்பது. அதன் கீழே கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.