ஒன்பதரைச் சங்கிலி தூரம்

தம்பித்துரை அண்ணையை விசரன் என்று சொல்கிறவர்களோடு எனக்குக் கதை இல்லை. மான் சுட்ட துண்டுக் கடதாசியை அகதிக் கேஸுக்கு அனுப்பின விசரன் என்று அட்லிஸ்வில் கோயில் வாசலில் போன மாதமும் ஒருவர் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். அந்தத் துண்டோடு போன கடிதத்தை ஜேர்மன் மொழியில் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு. டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் நாங்கள் இருவரும் கோப்பை கழுவினோம். ஊரில் அவர் நில அளவைக்காரரோடு பதினாலு வருடம் சங்கிலி இழுத்தவர். ஒரு வேலியைக் கண்ணால் பார்த்தே இத்தனை சங்கிலி, இத்தனை லிங்க் என்று சொல்லிவிடுவார். சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி, மீட்டரில் இருபது; லிங்க் அதில் நூறில் ஒன்று. குசினிக்குள் தட்டு அடுக்கும்போதும் அந்த வாய் சும்மா இருக்காது. அடுப்படிக்கும் தொட்டிக்கும் இடையில் முப்பத்தொரு லிங்க் என்பார். யார் கேட்டது?

ஊரில் அவருடைய தம்பி சச்சிதானந்தனை ஆமிக்காரர் நடுறோட்டில் வைத்துச் சுட்டார்கள். அண்ணை பக்கத்துப் பனங்காணிக்குள் கிடந்து பார்த்தார். உடலை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உடல் இல்லாமல் மரணப் பத்திரம் இல்லையென்று சச்சியின் மனைவி தில்லைநாயகியை அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைக்கழித்தார்கள். இங்கே அகதி விசாரணையில் முதல் தடவை அண்ணை செவ்வாய்க்கிழமை என்றார். இரண்டாம் தடவை புதன்கிழமை என்றார். பயத்தில் இரண்டு நாள் காணிக்குள் படுத்துக் கிடந்த மனிசனுக்குக் கிழமை எங்கே தெரியும்? இடத்தைக் கேட்டிருந்தால் மதகிலிருந்து வடக்கே இரண்டு சங்கிலி பதினொரு லிங்க் என்று சொல்லியிருப்பார். அதை ஒருவரும் கேட்கவில்லை. சொல்வது முரண், சாட்சி இல்லை, பத்திரம் இல்லை என்று செப்டெம்பர் தொடக்கத்தில் நிராகரித்துக் கடிதம் வந்தது. அப்பீல் செய்ய முப்பது நாள் தந்திருந்தார்கள்.

எங்கள் குசினிக்குப் பெரியவர் காஸ்பர். சமையலில் சூரர், வேட்டையில் பாவம். அதற்கு முந்தின வருடம் சுட்ட ஐந்து வெடியும் மலைக்குத்தான் பட்டது. வருடா வருடம் செப்டெம்பரில் வேட்டை திறக்கும். அந்த முதல் சனி ஞாயிறில் ஊரில் பாதிப்பேர் மலையில் நிற்பார்கள். பாறையில் தாவித் திரியும் கெம்ஸ் என்கிற மலைமான்தான் எல்லோருக்கும் கண். நாங்கள் இருவரும் வந்து சாமான் தூக்கினால், அண்ணையை நாட்டில் இருக்கவிடச் சொல்லித் திங்களே கடிதம் எழுதித் தருவதாகக் காஸ்பர் சொன்னார்.

"வெடிச் சத்தம் கேக்கும் அண்ணை. உங்களுக்கு ஏலுமோ?" என்று கேட்டேன்.

"கடிதம் வேணுமெல்லோ, இரவி."

சனிக்கிழமை விடிய முதலே ஏறத் தொடங்கி, ஒன்பது மணிக்கு ஒரு புல்வெளி விளிம்பில் படுத்துக் கிடந்தோம். எதிர்ச் சரிவில் ஒரு மான் தனியாக நின்றது. காஸ்பர் தூரக்கண்ணாடியால் பார்த்தார், தலையைச் சொறிந்தார், தூரம் பிடிபடவில்லை.

"ஒன்பதரைச் சங்கிலி" என்றார் அண்ணை, என் காதுக்குள்.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. நூற்றுத் தொண்ணூறு மீட்டர் என்று காஸ்பருக்குச் சொல்லிவிட்டேன்.

வெடி கேட்டது. மான் அந்த இடத்திலேயே விழுந்தது. காஸ்பர் என் முதுகில் அறைந்து சிரித்தார். அண்ணை குப்புறப் படுத்தபடி கிடந்தார்.

"எழும்புங்கோ அண்ணை, மான்தான்."

"தெரியும். சத்தம் ரெண்டுக்கும் ஒண்டுதானே."

கிட்டப் போய்த் திருப்பினால் மடி நிறையப் பால். காஸ்பரின் முகம் செத்துப்போயிற்று. குட்டிக்குப் பால் கொடுக்கிற மானைச் சுடக்கூடாது, அது சட்டம். கொஞ்சம் மேலே, கல்லுக்குப் பின்னால், குட்டி நின்று எங்களையே பார்த்தது. அண்ணை அதைப் பார்த்தார். மானைத் தோளில் போட்டு இரண்டு மணித்தியாலம் இறக்கினவர் அவர்தான். பால் வழிந்து அவருடைய சேர்ட் நனைந்திருந்தது.

தெரியாமல் புதைத்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். காஸ்பர் நேரே வேட்டைக் காவலரின் குடிசைக்குப் போய், "பிழை என்னுடையது. குட்டியை நான் காணவில்லை" என்றார். காவலர் தலையாட்டினார். அவ்வளவுதான்! குறுக்குக் கேள்வி இல்லை, இரண்டாம் விசாரணை இல்லை. ஒரு துண்டை எடுத்து எழுதத் தொடங்கினார். கொம்பு வளையத்தை எண்ணி வயது ஏழு என்று எழுதினார். நேரம் ஒன்பது பத்து. குண்டு புகுந்தது இடது தோள். குட்டி ஒன்று, உயிரோடு. சுட்ட தூரம் என்ன என்று கேட்டார். காஸ்பர் அண்ணையைக் காட்டி, நூற்றுத் தொண்ணூறு மீட்டர், இவர் அளந்தால் பிழை வராது என்றார். காவலர் அதை அப்படியே எழுதி, சாட்சி என்ற இடத்தில் அண்ணையைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இந்த நாட்டில் ஒரு சீருடைக்காரர் அவருடைய சொல்லை நம்பி எழுதியது அன்றைக்குத்தான்.

அண்ணை பேனையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இரவி, ஒருக்காக் கேட்டுச் சொல்லும். சச்சிக்கும் இப்பிடி ஒரு துண்டு எழுதித் தருவாரோ? இடம், தூரம், வயசு எல்லாம் நான் சொல்லுறன். எங்க பட்டதெண்டும் தெரியும்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? வாங்கோ போவம்."

"கேளும் எண்டுறன்."

கேட்டேன். காவலர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். மனிதருக்கு நான் எழுத முடியாது என்றார், மெல்லமாக. மானைப் பறிமுதலாக வைத்துக்கொண்டு துண்டின் பிரதியைக் காஸ்பரிடம் நீட்டினார். அண்ணை கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

காஸ்பர் சொன்னபடி திங்கள் கடிதம் தந்தார். அப்பீலோடு அதைக் கட்டும்போது அண்ணை மான் துண்டையும் மேலே வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன மூளை கழண்டு போச்சோ? சிரிக்கப் போறாங்கள்."

"இவங்கட ஆள்தானே எழுதினது? நான் அளந்து சொன்னதை நம்பித்தானே எழுதினது? எழுதும் இரவி. நான் பொய் சொல்லுறவன் இல்லையெண்டு எழுதும்."

எழுதினேன். திட்டிக்கொண்டே எழுதினேன்.

பெப்ரவரியில் பதில் வந்தது. குசினியில் நின்று நான்தான் வாசித்தேன். சம்பவ நாள் பற்றிய முரண் தீரவில்லை. மரணத்துக்கு ஆதாரம் இல்லை. இணைத்த வேட்டைத் துண்டுக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை, திருப்பி அனுப்புகிறோம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

"அப்ப மானுக்குச் சொன்னது சரி. சச்சிக்குச் சொன்னதுதான் பொய், என்ன?" என்று கேட்டுவிட்டுத் தட்டுகளை அடுக்கப் போனார். அதற்குப் பிறகு அவர் ஒரு தூரமும் சொல்லவில்லை. அந்த வாய் ஒருக்கால் மூடாதா என்று நான் எத்தனை நாள் எரிந்து விழுந்திருப்பேன்! மூடின பிறகு குசினிக்குள் நிற்கவே ஏலவில்லை.

மார்ச் கடைசியில் ஒருநாள் அவருடைய கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. பெட்டி இருந்தது, சப்பாத்து இல்லை. ஃப்ரிபூர்க் பக்கத்தால் பிரான்சுக்குப் போயிருப்பார் என்றார்கள். பனிக்குள் மலையேறிப் போனார் என்றும் ஒரு கதை வந்தது. கடிதமோ ஆளோ இன்றுவரை வரவில்லை. தில்லைநாயகி இரண்டு தரம் எழுதிக் கேட்டா. என்ன பதில் எழுதுவது?

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் வந்து, கடைசியாக அவரை எப்போது கண்டாய் என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை" என்றேன். "குசினியில் தட்டு அடுக்கிக்கொண்டு நின்றார்."

அவர் சுவரில் தொங்கிய வேலை அட்டவணையைப் பார்த்தார். செவ்வாய் அண்ணைக்கு லீவு.

"அப்படியென்றால் புதன்கிழமை."

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.