அண்ணன் நிறுத்திவிட்டுப் போன ஆட்டம்

என் அலுமாரியின் மேல்தட்டில், அம்மாவின் பழைய சேலையில் சுற்றி ஒரு டிவி கேம் பெட்டி இருக்கிறது. வாங்கும்போது சாம்பல் நிறம். இப்போது பழுப்பேறி, பல் தேய்க்காதவன் பல் மாதிரி ஆகிவிட்டது. அதோடு இரண்டு கைப்பிடிகளும் ஆட்டம் பதிந்த ஒரே ஒரு கெசட்டும் இருக்கின்றன. நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவருக்கு இப்படிப்பட்ட சாமான்கள் மேல் பைத்தியம். கொழும்புக்குப் போனால் பழைய சாமான் கடைகளைக் குடைந்து எதையாவது தூக்கி வருவார். என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனிதர் விடவில்லை.

"உது இப்பவும் வேலை செய்யுதோ, டீச்சர்? சும்மா பூட்டித்தானே வச்சிருக்கிறியள். எனக்குத் தாங்கோவன்."

அவர் சின்னப்பிள்ளையாக இருந்த வருடங்களில் அங்கே கரண்டே கிடையாதாம். ஆடாத ஆட்டத்துக்காக ஏங்குகிற ஆள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 'கெசட்டை ஊதி ஊதிப் போட்ட காலம், எவ்வளவு இனிமை' என்று யாரோ இணையத்தில் எழுதியதை அவர் வாசித்துக்காட்டி உருகும்போது மட்டும் எழுந்து போய்விடுவேன். எங்கள் மஸ்கெலியாப் பக்கத்து ஈரத்தில் ஊதினால் கெசட் இன்னும் கெட்டுப்போகும். அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டித்தான் போடவேண்டும். அதில் இனிமை ஒன்றும் இல்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் லயத்துக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளுக்கு, கரண்டு வந்தது. அதற்கு முன்னால் டிவி பார்த்தவர்கள் லொறி பேட்டரியில்தான் பார்த்தார்கள். கொழும்பில் மளிகைக் கடையில் வேலை செய்த என் அண்ணன், கரண்டு வந்த பிறகான முதல் தீபாவளிக்கு இந்தப் பெட்டியோடு வந்து இறங்கினான். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குச் சட்டை, எனக்கு ஒன்றுமில்லை. "இது ஒனக்குந்தான்" என்று பெட்டியைக் காட்டினான். பொய். முதலாவது கைப்பிடியை அவன் என் கையில் கொடுத்ததே கிடையாது. இரண்டாவதில் ஸ்டார்ட் பட்டன் இல்லை. ஆட்டத்தைத் தொடங்குவது, நடுவில் நிறுத்துவது, திரும்ப ஓடவிடுவது எல்லாம் அவன் கையில்தான். நான் முறைத்தால், "ரெண்டாவது ஆளுக்கு அவ்ளோதான் அதிகாரம்" என்பான்.

விடுமுறை முழுக்க எங்கள் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. காம்பரா என்றால் ஒரே ஓர் அறை, அதுதான் வீடு. அதற்குள் லயமே வந்து குந்தியிருக்கும். ஒரு குட்டி மனிதன் ஓடுவான், குழிகளைத் தாண்டுவான், விழுந்து சாவான். பக்கத்துக் காம்பரா மாமா, தேயிலை ஸ்டோரில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவர், அவன் விழும்போதெல்லாம் நிஜமாகவே "ஐயோ" என்று கத்துவார். மூன்று உயிரும் போனால் முதல் கட்டத்திலிருந்து தொடங்கவேண்டும். விட்ட இடத்தை ஞாபகம் வைக்கும் புத்தி அந்தப் பெட்டிக்குக் கிடையாது. சுவிட்சை அணைத்தால் அத்தனையும் போச்சு.

அண்ணன் திரும்பிப் போகவேண்டிய காலையில்தான் அதுவரை போகாத கடைசிக் கட்டத்துக்குப் போய்ச்சேர்ந்தான். ஹட்டன் பஸ் கீழே ஹோர்ன் அடிக்கிறது. அம்மா பையோடு வாசலில் நின்று திட்டுகிறார். குட்டி மனிதன் ஒரு பெரிய குழிக்கு மேலே தாவினான். அண்ணன் ஸ்டார்ட்டை அமுக்கினான். தாவியவன் அந்தரத்தில் அப்படியே நின்றான்.

"டிவிய அணைச்சுக்கங்க. பொட்டிய மட்டும் அணைச்சிராதீங்க. பொங்கலுக்கு வந்து முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பொங்கலுக்கு அவன் வரவில்லை. அதே கடையில் வேலை செய்த அடுத்த தோட்டத்துப் பையனின் அப்பாதான் விஷயம் கொண்டுவந்தார். யுத்த காலம். கடைக்கு மேலே படுத்திருந்தவர்களை ராத்திரிச் சோதனையில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம், அவருடைய மகனையும் சேர்த்து. அண்ணனிடம் அடையாள அட்டை இல்லை. லயத்தில் பாதிப்பேருக்கு அது இல்லை. நாங்கள் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டால் அந்த வருடம் நட்ட தோட்டத்து மரத்தைத்தான் காட்டவேண்டும்.

அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். திரும்பத் திரும்பப் போனார். ஒவ்வொரு பொலிஸிலும் கேட்டுவிட்டு "மெஹே நே" என்ற பதிலோடு வந்து சேர்ந்தார். இங்கே இல்லை. அப்படியென்றால் எங்கே என்று கேட்குமளவுக்குச் சிங்களம் அப்பாவுக்குத் தெரியும். கேட்கவும் கேட்டார். அதற்கும் அதே பதில்தான்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை யார் அணைக்க? அடாப்டர் சூட்டுக்குப் பூனை வந்து ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காலையில் தோட்ட வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும்போது அம்மா சாமி படத்துக்கு வைத்த திருநீற்றில் மிச்சத்தை அடாப்டருக்கும் பூசிவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பு வரும், அழுகையும் வரும். சில நாள் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்று, "புள்ள என்னா பண்றான்னு போட்டுப் பாரு" என்பார். நான் டிவியைப் போடுவேன். குட்டி மனிதன் குழிக்கு மேலே அந்தரத்தில் நிற்பான். "விழலல்ல?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்தால் அத்தனை காம்பராவிலும் ரேடியோவையும் டிவியையும் அணைத்துவிடுவார்கள். யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. பக்கத்தில் சத்தம் நின்றால் நாமும் நிறுத்தவேண்டும், கருமாதி முடியும்வரை. அந்த மாசியில் கடைசிக் காம்பராத் தாத்தா செத்தபோது, எங்கள் வீட்டுச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு யாரோ முணுமுணுத்தார்கள். சங்கத் தலைவர்தான் அடக்கினார். "அது சத்தம் போடலியே. எரிஞ்சிட்டுப் போவட்டும். அது வேற கணக்கு."

பிறகு வெயில் வந்தது. மழையே இல்லை. மஸ்கெலியா நீர்த்தேக்கம் வற்றி, எப்போதோ முழுகிப்போன கோயிலின் சுவர்கள் சேற்றோடு வெளியே வந்தன. ஊரே அதைப் பார்க்கப் போனது. அம்மா மட்டும், "தண்ணி எவ்ளோ எறங்கிருக்கு?" என்று திரும்பி வருகிறவர்களையெல்லாம் கேட்டார். தண்ணீர் இறங்கினால் கரண்டு வெட்டுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் மலைத் தண்ணீரில் எடுக்கிற கரண்டு எங்கள் லயத்துக்கு வந்து முழுசாக ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கரண்டு வெட்டு வருவதற்கு முன்பே பக்கத்துக் காம்பரா மாமா தன் பழைய லொறி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அடாப்டர் வயரைச் சீவி, பேட்டரி வயரையும் அதோடு முறுக்கினார். கரண்டு போனாலும் பெட்டி அணையாது.

"வெடிக்குமா?" என்றார் அப்பா.

"வெடிச்சா வெடிக்கட்டும் மச்சான். பய வந்து கேட்டா என்னா சொல்லுவ?"

அதன் பிறகு கரண்டு போகிற நேரங்களில் லயம் முழுக்க இருட்டு, எங்கள் காம்பராவில் மட்டும் அந்தச் சிவப்புப் பொட்டு. பேட்டரி இறங்கினால், கரண்டு இருக்கிற நேரம் பார்த்து அப்பா அதைத் தலையில் சாக்கு மடித்து வைத்துச் சுமந்துபோய் டவுனில் சார்ஜ் போட்டு வருவார். ஒரு விளையாட்டுச் சாமானுக்காக இப்படிச் சுமக்கிறார் என்று யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்வதற்கென்றே பிறந்தவர்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்படி அப்பா பேட்டரியோடு போயிருந்த ஒரு பின்னேரம், அடுத்த தோட்டத்துப் பையன் வந்தான். அண்ணனோடு பிடிபட்டவன். விட்டுவிட்டார்கள். ஆள் பாதியாகியிருந்தான். வாசற்படியில் உட்கார்ந்தான். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். கரண்டு இருந்தது, லயம் முழுக்க டிவிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மொத நாளே எங்கள ரெண்டாப் பிரிச்சிட்டாங்கம்மா. அண்ணன வேற ஜீப்புல ஏத்துனாங்க. அதுல போனவங்க ஒருத்தரும்... உள்ளுக்க இருந்தப்ப எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். அந்த ஜீப்புல போன யாரையும் எவனும் எங்கயும் பாக்கலம்மா."

அம்மா அவன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

"ராத்திரி சாப்புட்டிருந்தானா?"

"சாப்புட்டோம்மா. பாணும் பருப்பும்."

அம்மா எழுந்து உள்ளே போனார். பூனையைத் தள்ளிவிட்டார். எந்தப் பட்டன் எதற்கென்று அம்மாவுக்குத் தெரியாது, அதுவரை அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. சுவரில் இருந்த சுவிட்சை மேலே தட்டினார். சிவப்பு விளக்கு அணைந்தது. நான் "அம்மா" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

பக்கத்துக் காம்பரா அத்தை வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தன் காம்பராவுக்குப் போய் டிவியை அணைத்தார். அதற்கடுத்த காம்பராவில் சத்தம் நின்றது. பிறகு அதற்கடுத்ததில். கடைசிக் காம்பரா ரேடியோ பாதிப் பாட்டில் நின்றுபோனது. உடம்பு இல்லை, தப்பு மேளம் அடிக்கவில்லை, பந்தல் இல்லை. என் அண்ணனுக்கு நடந்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கீழே பாதை முடக்கில் அப்பா தெரிந்தார். தலையில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்தவர், லயத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். அத்தனை காம்பராவும் சத்தமில்லாமல் கிடப்பதைக் கேட்டார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்ற மாமாவிடம், தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பிக் கேட்டார்.

"யாரு செத்தது?"

மாமா கிட்டப்போய், அப்பாவின் தலையிலிருந்த பேட்டரியை இறக்கி வாங்கிக்கொண்டார்.