மூடப்படாத புகார்

ஓமலூர் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர், லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் பெண். எதைப் படித்தாலும் உதடு அசையும். கைப்பேசியில் தட்டுவதையும் அப்படியே முணுமுணுத்தார். என்னவென்று கேட்டேன்.

கம்ப்யூட்டருக்கான இலவச இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒன்றின் தமிழ் வழிகாட்டியை நம்பி அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினாராம். பழைய கோப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன. அழியும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் விடுபட்டிருந்தது. சேர்க்கவேண்டிய வரியோடு, அதைத் தயாரிப்பவர்களின் இணையப் பக்கத்தில் புகார் போட்டார். ஆங்கிலத்தில் இருந்தால் போதும் என்று அவர்கள் புகாரை மூடிவிட்டார்கள். அதைத்தான் மறுபடி திறந்துகொண்டிருந்தார்.

"தமிழ்ல அதை யாருங்க படிக்கறாங்க?" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "ஏனுங்க, நான் படிச்சனுங்களே! நானெல்லாம் ஆளில்லீங்களா?"

போன மாதம் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். புகாரைத் திரும்பவும் மூடியிருந்தார்கள். அதற்குக் கீழே, அவர் திரும்பவும் திறந்திருந்தார்.