ஓடக்காரி பேசிய சனிக்கிழமைகள்

என் சாப்பாட்டுத் தட்டில் தாயக்கட்டை உருளும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கட்டைகள் மேசையிலிருந்து உருண்டு கதிரைகளுக்கடியில் போய்விடுகின்றன என்று மருமகன் அந்தச் சில்வர் தட்டை எடுத்து மேசை நடுவில் வைத்திருந்தார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் என்னோடு பேச வேண்டி வருமே. நான் குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருப்பேன். பின்னேர வெயில் யன்னல் சீலைக்குள்ளால் மஞ்சளாக விழும். தூரத்தில் லிட்கம் ஸ்டேஷனுக்குள் ரயில் வந்து மூச்சு விடும். அந்த மூச்சோடு சேர்ந்து, விளங்கியும் விளங்காமலும், மருமகனின் கதை சுவருக்குள்ளால் கசிந்து வரும். நான் அரைத் தூக்கத்தில் அதற்குள் இறங்கிப் போய்விடுவேன்.

சிட்னிக்கு நான் வந்தது ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம். மகள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் அவளுக்கு வேலை. வீட்டில் நானும் மருமகனும் மட்டுந்தான். எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது குறைவு. அது பகையில்லை, மரியாதை. அவர் அறைக்குள் வந்தால் நான் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன். மகள் இல்லாத நேரம் இரண்டு பேரும் சுவருக்குத்தான் சொல்வோம். "சோறு ஆறுது" என்று நான் அடுப்பைப் பார்த்துச் சொல்வேன். "மழை வரப்போகுது, உடுப்பெல்லாம் கொடியில கிடக்கு" என்று அவர் யன்னலைப் பார்த்துச் சொல்வார். சோறும் உடுப்பும் அப்படியே நடந்துவிடும். ஆனால் எனக்கு உள்ளே ஒரு கேள்வி இருந்தது. இனி என் காலம் முழுக்க இந்த மனிதரின் வீட்டில்தான். நான் இங்கே இருப்பது அவருக்கு விருப்பமா, பாரமா? மகளிடம் கேட்டால், "விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா" என்பாள். அது அவளுடைய பதில். எனக்கு வேண்டியது அவருடைய பதில். அதை எப்படிக் கேட்பது?

அவர் மிகவும் அமைதியான மனிதர். என்ஜினியர் வேலை. காலையில் போவார், இருட்டினால் வருவார். சனிக்கிழமை கதை விளையாட்டுக்கு ஆட்கள் வந்து மேசையைச் சுற்றி இருந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொருவராக மாறிப் பேச வேண்டும், மலை ஏற முடிந்ததா, கதவு திறந்ததா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். இவ்வளவுதான் எனக்கு விளங்கிய சட்டம். கதையை நடத்துவது எப்போதும் மருமகன்தான். காட்டுக்குள் காற்றடிப்பது போலச் சொல்வார், கிழவன் இருமுவது போலச் சொல்வார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த இங்கிலீஷ் எட்டாது. எட்டாத இடங்களை நானே நிரப்பிக்கொள்வேன். அவர் சொன்ன கோட்டையும் நான் கண்ட கோட்டையும் ஒன்றாக இருந்திருக்காது.

வருகிறவர்களில் ஒருத்தி கோயம்புத்தூர்ப் பிள்ளை. மருமகனின் அலுவலகத்தில் வேலை, வாய் ஓயாதவள். ஒரு சனிக்கிழமை ஒருவர் வரவில்லை. அவள் நேரே குசினிக்குள் வந்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, ஒளிஞ்சு நின்னே எத்தனை நாளைக்குக் கதை கேப்பீங்க? ஒரு ஆளு குறையுது, வாங்க."

"ஐயோ, எனக்கு வராது பிள்ளை."

"எங்களுக்கு மட்டும் வருதாக்கும்? அண்ணா, அம்மா வர்றாங்க, ஒரு வேஷம் குடுங்க!"

கையில் வெங்காய மணத்தோடு மேசையின் ஓரக் கதிரையில் நுனியில் இருந்தேன். மருமகன் தட்டைப் பார்த்தபடி, "ஆத்தில ஒரு ஓடக்காரி இருக்கிறா" என்றார். பிறகு குரலைத் தடிப்பாக்கி, அரசனாக, "ஓடக்காரியே, அக்கரைக்குப் போக உமக்கு என்ன கூலி?" என்று கேட்டார். அவர் கேட்டது என்னைப் பார்த்து. ஆனால் என்னையில்லை. அந்த இடைவெளிக்குள் எங்கிருந்தோ எனக்குக் குரல் வந்தது. "கூலி வேண்டாம். வாளைக் கரையில வைச்சிட்டு ஏறும்" என்றேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை மேசையில் அடித்துச் சிரித்தாள். மருமகனும் சிரித்தார். அவருக்கு ஒரு கன்னத்தில் குழி விழும் என்று அன்றுதான் கண்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஓடக்காரி. அரசனை வாய்க்கு வந்தபடி பேசுவேன். "உம்மடை படை முழுக்க ஏறினா ஓடம் தண்ணிக்குள்ள தாண்டுபோம், கொஞ்சம் நடந்து வரட்டும்" என்பேன். ஞாயிறு விடிந்தால் மறுபடி அடுப்பும் யன்னலும்தான். ஒருநாள் அரசன் கேட்டார், "ஓடக்காரியே, இந்த ஆத்தங்கரையில இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறதா உத்தேசம்?" நான் யோசிக்கவில்லை. "அரசன் துரத்தும் வரைக்கும்" என்றேன். அவர் கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே, "இந்த ஆறு உம்முடையது. துரத்த அரசனுக்கு உரிமையில்லை" என்றார். அன்று படுக்கையில் தண்ணீரில் மிதப்பது போலக் கிடந்தேன். அதைச் சொன்னது அரசனா, மருமகனா? அடுத்த கிழமை எப்படியாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஆப் வந்தது.

மருமகனோடு கம்பஸில் படித்த தாடிக்காரத் தம்பி ஒருவர் இந்த விளையாட்டுக்காகவே ஒரு ஆப் செய்திருந்தார். ஆளுக்கொரு போனில் அதைப் போட்டுக்கொண்டால் அதுவே கட்டை உருட்டும், கணக்கும் பார்க்கும், ஆம்பிளைக் குரலில் கதையும் வாசிக்கும். பளபளப்பான விளம்பரத் தாள் ஒன்றும் கொண்டுவந்தார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் மேசையைச் சுற்றிச் சிரிக்கும் படம். என்ன எழுதியிருக்கிறது என்று மகளிடம் கேட்டேன். "கதை சொல்ல ஆள் தேட வேண்டாமாம். குடும்பம் முழுக்க திரும்பவும் ஒரே மேசையிலயாம்" என்று வாசித்துவிட்டு, "நாங்கள் எப்ப மேசையை விட்டு எழும்பினனாங்கள்?" என்று சிரித்தாள். மருமகனுக்கும் ஆசைதான். கிழமை முழுக்க வேலையால் வந்து, களைப்போடு கதை யோசிக்கிற மனிதர். கொஞ்சம் இளைப்பாறட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பொய் சொல்லக்கூடாது, கணக்குப் பார்க்க அது நல்ல சாமான். கோயம்புத்தூர்ப் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் தொல்லை விட்டுப்போயிற்று. அதை மட்டும் சொல்லி விற்றிருந்தால் நானும் நல்லதென்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று மேசையில் நடந்தது வேறு. எல்லோரும் குனிந்து அவரவர் போனைப் பார்த்தார்கள். போன் இருமியது, போன் காற்றடித்தது. மருமகனும் மற்றவர்களைப் போலக் குனிந்திருந்தார். அந்த ஆப்புக்குள் போர்வீரன் இருந்தான், மந்திரவாதி இருந்தான், கள்ளனும் இருந்தான். ஓடக்காரி இல்லை. என்னிடம் அந்தமாதிரிப் போனும் இல்லை. கொஞ்சநேரம் இருந்துவிட்டு, "சோறு வைக்க வேணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழும்பினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. என்னுடைய தட்டு கழுவின பாத்திரங்களோடு ராக்கையில் இருந்தது. அப்படியே சில கிழமைகள் போயின. சுவருக்குள்ளால் வந்த கதையில் நான் நிரப்ப இடமே இருக்கவில்லை, அந்தக் குரலுக்கு மூச்சு விடத் தெரியாது. அவரிடம் எனக்கிருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போனது போலிருந்தது.

ஒரு சனிக்கிழமை தாடிக்காரத் தம்பி கமராவோடு வந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். குசினி வாசலில் என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"அட, அன்ரி! சூப்பர். சீலையோட அந்தக் கதிரையில இருங்கோ. இந்தப் போனைக் கையில பிடிச்சு ஒருக்கா சிரியுங்கோ. வயசான ஆக்களும் விளையாடினம் எண்டு போடலாம்."

கையில் வைத்த போன் எரியவே இல்லை, கறுப்பாக இருந்தது. அதில் என் முகந்தான் தெரிந்தது.

"இது வேலை செய்யேல்லை, தம்பி."

"அது பிரச்சினையில்லை அன்ரி, படத்தில தெரியாது. நீங்கள் சிரிச்சால் போதும். டேய், மாமிக்குச் சொல்லன்ரா!"

மருமகன் யன்னலைப் பார்த்தார். அவர் யன்னலுக்குச் சொல்லப்போகிறார், நான் சிரிக்கத்தான் போகிறேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அரசனின் தடித்த குரல் வந்தது.

"ஓடக்காரியே, உமக்கு என்ன எண்ணம்?"

"ஏறாத ஓடத்துக்கு நான் கூலி வாங்கிறதில்லை, அரசே" என்று போனை மேசையில் வைத்தேன்.

"என்னடா இது, நாடகமோ?" என்றார் தாடிக்காரத் தம்பி. "ஒரு படம்தானே மச்சான். ஆர் என்ன கேக்கப்போகினம்?"

மருமகன் அரசன் குரலை விட்டுவிட்டார். அவருடைய சொந்தக் குரல் மெல்லியது. "மாமி வேண்டாமெண்டுறா. இது அவவின்ரை வீடு. அவவுக்கு விருப்பமில்லாத படம் இங்கை எடுக்கேலாது."

அந்தத் தம்பி முகத்தை நீட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். விளையாட்டு ஆட்கள் இன்னும் வரவில்லை. அவர் அரசனில்லை, நான் ஓடக்காரியுமில்லை. வழமைப்படி நான் குசினிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

"உங்கடை சிநேகிதன் கோவிச்சுப் போட்டார், தம்பி" என்றேன். சுவருக்கு இல்லை, அவருக்கு.

"அவன் நாளைக்கு வருவான், மாமி. நீங்கள் இருங்கோ." எனக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார். "நான் தேத்தண்ணி போடுறன். சீனி எவ்வளவு எண்டுதான் எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் கேக்கேல்லை."

நான் எழும்பவில்லை. "ரெண்டு கரண்டி" என்றேன்.

இப்போது சிட்னியை விட்டு எல்லோரும் கிளென் வேவர்லியில் இருக்கிறோம், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக. கோயம்புத்தூர்ப் பிள்ளை இடைக்கிடை மகளுக்கு மெசேஜ் அனுப்புவாள். அந்த ஆப் இப்போதைய போன்களில் திறப்பதில்லையாம். மருமகனுக்கும் எனக்கும் இப்போது அரசனும் வேண்டாம், ஆறும் வேண்டாம். மீன் விலையில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. போன கிழமையும் மகள் வேலையால் வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள்.

"முந்தி நான் இல்லாட்டி உங்கள் ரெண்டு பேருக்கும் வாயே இல்லை" என்றாள். "இப்ப நான் வந்து நிக்கிறதே தெரியேல்லை."

"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன் நான். "அவர் சொல்லி முடிக்கட்டும்."