இடக்கையில் மாலை பிடித்த வெற்றித்தேவி

எங்கள் திரேவரி நகரத்து நாணயச்சாலையில் காசு அச்சில் வெற்றித்தேவியின் இறக்கையைச் செதுக்க விட்டாலிஸை விட்டால் ஆள் கிடையாது. நான் சம்மட்டி அடிப்பவன். அவன் வெட்டிய அச்சில் பதினோரு வருஷமாகப் பொன்னை வைத்து அடித்திருக்கிறேன். ஒவ்வொரு இறகும் தனித்தனியாக விழும். போர் தொடங்கும் முன்பே வெற்றிக் காசை அடித்து வைத்துவிடுவோம். தோற்றால் உருக்குவோம், அதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இந்த வேலையில் பிறந்தவன் இதிலேயே சாக வேண்டும் என்பது பேரரசர் சட்டம். எங்களைக் கட்டிக்கொள்ள வரும் வெளிப்பெண்ணுக்கு மூன்று முறை எச்சரிக்கை படிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் அவளும் நாணயச்சாலைக்குச் சொந்தம், அவள் பெறும் பிள்ளைகளும் சொந்தம். என்ன சட்டமோ, நாசமாய்ப் போக! விட்டாலிஸ் மனசைக் கொடுத்தது படகோட்டியின் மகள் லுபுலாவிடம். ஆற்றில் தன் இஷ்டத்துக்குப் படகு விட்டு வளர்ந்தவள். இரண்டு எச்சரிக்கை ஆகியும் அவள் அசையவில்லை.

அவளை உள்ளே இழுப்பதைவிடத் தான் வெளியே போய்விடலாம் என்று இவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அச்சில் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி வெட்ட வேண்டும், அப்போதுதான் காசில் சரியாக விழும். இவன் வேண்டுமென்றே நேராக வெட்டிக் கொடுத்தான். நானும் கவனிக்காமல் முப்பது காசு அடித்துத் தொலைத்தேன். தேவி மாலையை இடக்கையில் பிடித்திருக்கிறாள், எழுத்தெல்லாம் புரண்டு கிடக்கிறது. உதவாக்கரை என்று துரத்திவிடுவார்கள் என நம்பியிருக்கிறான் மடையன்.

கண்காணிப்பாளர் கெமெல்லஸ் பத்துக் கசையடி கொடுக்கச் சொன்னார். பிறகு கோபமே இல்லாமல் பேசினார்.

"உன்னை வெளிய அனுப்ப எனக்கே அதிகாரம் கிடையாதுடா. உங்கப்பன் செத்தப்ப உன் பேரை எழுதினாங்க, நீ செத்தா உன் புள்ள பேரை எழுதுவாங்க. போய் வேற அச்சு வெட்டு."

மறுநாள் காலை மூன்றாவது எச்சரிக்கை. எழுத்தர் வாசலில் நின்று படித்து முடித்தார். லுபுலா பதில் சொல்லும் முன் விட்டாலிஸ் முந்திக்கொண்டான்.

"எனக்கு இவ வேண்டாம். ஊர்ல வேற பொண்ணா இல்ல?"

"பொய் சொல்ற" என்றாள் அவள், நிதானமாக. "நான் சம்மதம்னு சொல்லத்தான் வந்தேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நமக்குப் பொறக்குற புள்ள கையிலயும் இதே உளியக் குடுப்பாங்க, லுபுலா. நீ போயிடு."

அவள் அவன் கையின் உளித்தழும்புகளைப் பார்த்தாள். பிறகு எழுத்தரிடம் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டு ஆற்றுப்பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. விட்டாலிஸ் வாசற்படியிலேயே நின்றான். அவனை உள்ளே தள்ளிவிட்டுத்தான் காவலாளி கதவைச் சாத்த வேண்டியிருந்தது.