சொந்த ஊர் எது என்று கேட்டார்கள்

அப்பாவுக்கு அந்த மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். மைன்ஸில் ஷிப்ட் பார்த்துப் பார்த்தே நரைத்த மனிதர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கம் கட்டி வைத்திருக்கும் வீட்டுக்குப் போவது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார். நான் நெய்வேலியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததில், "வேல கெடச்சா ஆஸ்டல்ல இருந்துக்கோ. கெடைக்கலன்னா பேசாம எங்ககூட கெளம்பு" என்று சொல்லியிருந்தார்.

நர்சிங் முடித்து நான் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று ரிசப்ஷனிலேயே கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலையே கொடுக்காமல் எக்ஸ்பீரியன்ஸ் எங்கிருந்து வரும், மரத்திலா காய்க்கும்? டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி மட்டும்தான் இன்டர்வியூவுக்கு வரச் சொன்னது. மாடியில் நர்சுகளுக்கு ஆஸ்டலும் இருந்தது. இது போனால் வேறு வழியில்லை என்று தெரிந்தேதான் போனேன்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண். இதே மாவட்டத்து நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். "உள்ள பேசிகினு இருக்காங்கக்கா. நீங்க போயிட்டு வந்து என்னா கேட்டாங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பெரிய டாக்டரும் நர்சிங் சூப்பிரண்டு அம்மாவும் இருந்தார்கள். டிரிப் ஏறும்போது பேஷன்டுக்கு அலர்ஜி வந்து மூச்சு முட்டினால் என்ன செய்வாய் என்று டாக்டர் கேட்டார். டிரிப்பை நிறுத்துவதில் தொடங்கி அட்ரினலின் வரைக்கும் கடகடவென்று சொன்னேன். அவர் தலையாட்டியதைப் பார்த்ததும், அப்பாடா, வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த அம்மா, "சொந்த ஊரு எதும்மா?" என்றார்.

"திருநெல்வேலிப் பக்கம் மேடம்."

நாக்கில் சனி! பிறந்தது நெய்வேலி, படித்தது நெய்வேலி. ஆனால் டவுன்ஷிப் பிள்ளைகளிடம் சொந்த ஊரைக் கேட்டால் எவரும் நெய்வேலி என்று சொல்ல மாட்டோம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே மதுரை, கோயம்புத்தூர், நாகர்கோவில் என்று அப்பாவின் ஊரைத்தான் சொல்லிப் பழக்கம். நான் அந்த ஊரில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் இருந்ததில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் அங்கே என்னை நெய்வேலிக்காரி என்பார்கள்.

அந்த அம்மா என் ஃபைலை மூடினார். "அப்பா ரிட்டயர் ஆனதும் போயிடுவீங்க."

"இல்லைங்க மேடம், நான் இங்கதான் இருப்பேன். பொறந்ததே இங்கதான்."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. போன வருஷம் ரெண்டு பொண்ணுங்க எங்ககிட்ட வேலைய கத்துகினு, அப்பாவோட லாரி ஏறிடுச்சுங்க. உன் ஊரு எதுன்னு நீயே உன் வாயால சொல்லிட்டியே."

டாக்டர் மட்டும், "பதில் எல்லாம் நல்லாத்தான் சொன்ன. எங்களுக்கு உள்ளூர்ப் பொண்ணு வேணும்மா" என்றார். இன்னும் ஏதேதோ சொல்லிக் கெஞ்சினேன். அதற்குள் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே அந்தப் பெண்ணிடம் அலர்ஜிக் கேள்வியைப் பதிலோடு சொல்லி அனுப்பினேன். இன்னொரு கேள்வியைச் சொல்லவில்லை. அதற்கு அவள் யோசிக்கவே வேண்டியதில்லை. வயிறு எரிந்தது, சும்மா சொல்லக்கூடாது.

வீட்டில் அப்பா சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"சரியாத்தான சொல்லிருக்க! பொறவு வேற எந்த ஊரச் சொல்லுவ?"

கையிலிருந்த ஃபைலை அட்டைப்பெட்டிமேல் போட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வந்து கேளு. பிள்ள நம்ம ஊர மறக்கல."