பதினேழாவது பக்கம்

மரக்காணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் என்று எது வந்தாலும் வடிவமைத்துக் கொடுப்பேன். உப்பளத்துப் பெண்களுக்கு மாலையில் எழுத்துச் சொல்லித்தரும் ஒரு தொண்டு நிறுவனம், அவர்கள் கையால் எழுதியதை அப்படியே புத்தகமாகப் போடவேண்டும் என்று என்னிடம் வந்தது. பதினாறு பக்கம். முதல் பக்கம் தலைப்பு. மீதிப் பதினைந்தும் பதினைந்து பெண்களுக்கு, ஆளுக்கு ஒன்று.

எல்லாரும் பேனாவில் எழுதியிருக்க, ஒரு அம்மா மட்டும் பென்சிலில் எழுதியிருந்தார். தப்பு வந்தால் அழித்துக்கொள்ளலாமே! அழித்து அழித்துத் தாளே தேய்ந்திருந்தது. ஸ்கேன் செய்தால் திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. எனக்கு வந்ததே கோபம்! பேனாவில் எழுதச் சொன்னால் எழுதவேண்டியதுதானே? திட்டிக்கொண்டே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கறுப்பாக்கினேன். சாயங்காலம் பார்த்தால் அந்த ஏழு வரியும் எனக்கு மனப்பாடம். 'மழை வந்தால் ஊருக்கே சந்தோஷம். எங்களுக்கு வேலை போகும். நான் மட்டும் வானத்தைத் திட்டுவேன்.' இப்படிப் போகும் அது. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அச்சுக்கு அனுப்பும் நாளில் நிறுவனத்தின் திட்ட அலுவலர் போன் செய்தார்.

"மேடம், நமக்கு உதவி பண்றவங்களோட வாழ்த்துரை வந்துட்டுது. போட்டோவோட ஒரு முழுப் பக்கம் வேணும்."

"பதினேழு பக்கம் வராது சார். ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம். பதினாறு, இல்லன்னா இருபது."

"இருபதுக்கு அனுமதி இல்லீங்க."

"அட்டைக்கு உள்பக்கம் போட்டுடலாமா?"

"அட்டைதான் அச்சாகி வந்துடுச்சே!"

"ரெண்டு பேரை ஒரே பக்கத்துல சேத்துடட்டா?"

"ஆளுக்கு ஒரு பக்கம்னு சொல்லியாச்சு. அந்தப் பென்சில்ல எழுதினது எப்படியும் சரியா வராது, அதைத் தூக்கிடுங்க. அடுத்த புக்குல பாத்துக்கலாம்."

"வரும் சார், நான் சரி பண்ணிட்டேன்" என்றேன். ஒரே ஒரு தடவை. மறுபடி சொல்ல முடியாமல் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஒரு பகல் வேலையை ஒரு பட்டனில் அழித்தேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு ஒப்பவில்லை.

வெளியீட்டு விழா உப்பளத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நடந்தது. புத்தகக் கட்டுகளோடு நானும் போனேன். பென்சில் அம்மாவிடம் அலுவலர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். யாருமே சொல்லவில்லை. பெருமுக்கல்லில் கட்டிக்கொடுத்த தன் அக்காவை வேறு அந்த அம்மா வரவழைத்திருந்தார். அக்காவுக்கு எழுத்து வாசனையே கிடையாது.

பென்சில் அம்மா புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நீங்கதானே புக்கு போட்டது? என்னுது மட்டும் காணோம். மழை வந்தால்னு ஆரம்பிக்கும். பக்கம் ஒட்டிக்கினு இருக்குது போல, கொஞ்சம் பிரிச்சுக் குடுங்களேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தை வாங்கி, ஒட்டாத பக்கங்களை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். படுபாவி நான். கடைசியில், "இடம் பத்தலம்மா" என்றேன்.

"அப்பிடியா" என்றார். சண்டை போட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். "எங்கடி உன்னுது? காட்டுடி பாக்கலாம்."

என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார் தங்கை. வேறொரு பெண் தன் ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதிய பக்கம் அது. அதன்மேல் விரலை வைத்து, வரி வரியாக நகர்த்தி, "மழை வந்தால் ஊருக்கே சந்தோஷம்" என்று தொடங்கி ஏழு வரியும் படித்தார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி படிடி."

மறுபடி தொடங்கினார். மூன்றாவது வரியோடு விரல் நின்றுவிட்டது. மீதி நாலு வரியையும் நான்தான் படித்தேன், ஆட்டுக்குட்டிப் பக்கத்தைப் பார்த்தபடியே.